போட்டோ ஏற மாட்டேங்குதா? கொஞ்சம் இப்படி வாங்க!

"அக்கா, போட்டோ ஏற மாட்டேங்குது!"

ஒரு காலத்தில் பக்கத்து வீட்டுப் பெண் மூச்சு வாங்க ஓடி வந்தால் ஒன்று காஸ் தீர்ந்திருக்கும், அல்லது குழந்தை எதையாவது விழுங்கியிருக்கும். இப்போது பத்துக்கு நாலு பேர் செல்போனைக் கையில் ஏந்திக்கொண்டு இந்த ஒரே ராகத்தைத்தான் பாடுகிறார்கள். வேலைக்கு மனு, கல்லூரியில் இடம், உதவித்தொகை என்று எதைத் தொட்டாலும் ஆன்லைன். பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாம் நன்றாகப் பூர்த்தி செய்து, கடைசியில் போட்டோவைப் போடுகிற இடத்தில் வண்டி நின்றுவிடுகிறது. சிவப்பு எழுத்தில் 'இன்வேலிட் ஃபைல் ஃபார்மட்' என்று ஒரு வரி. அவ்வளவுதான், கை கால் ஓடாது!

எனக்குப் பிறந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், வாழ்க்கைப்பட்டது ராஜபாளையம். பஸ்ஸில் அரை மணி நேரப் பயணம். இரண்டு ஊரிலும் எனக்கு 'போட்டோ அக்கா' என்றே பெயர் வந்துவிட்டது. நான் ஒன்றும் கம்ப்யூட்டர் படித்தவளல்ல. சென்னையில் வேலை பார்க்கும் என் நாத்தனார் மகள் லீவுக்கு வந்தபோதெல்லாம் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். மிக்சி ஜாடியைக் கழற்றிக் காட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினாள். அதைத்தான் இப்போது உங்களுக்கு அப்படியே பரிமாறப் போகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. உங்கள் செல்போன் எடுக்கிற படம் என்பது வெறும் புள்ளிக் கோலம். நீளத்தில் 4,000 புள்ளி, அகலத்தில் 3,000 புள்ளி என்று வைத்துக்கொண்டால், பெருக்கிப் பாருங்கள், 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள்! மார்கழி முழுக்க உட்கார்ந்தாலும் நம்மால் வைத்து முடியாது. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று மூன்று அளவு எழுத வேண்டும். அதை அப்படியே எழுதி வைத்தால் ஒரு படத்துக்கே 36 எம்.பி. பிடிக்கும். நூறு படம் எடுத்தால் போன் திணறிவிடாதா? அதனால்தான் படத்தைச் சுருக்கி வைக்கிறார்கள். எந்த முறையில் சுருக்குகிறார்கள் என்பதுதான் 'ஃபார்மட்'. ஜே.பி.ஜி., பி.என்.ஜி. என்று பெயருக்குப் பின்னால் வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அது அந்த முறையின் பெயர்.

ஜே.பி.ஜி. என்பதை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரியான எனக்கு விளக்குவது ரொம்ப சுலபம். அது பால்கோவா! அண்டா நிறையப் பாலை விறகடுப்பில் ஏற்றிக் கிண்டிக் கிண்டிச் சுண்ட வைத்தால் கடைசியில் ஒரு தட்டில் அடங்குகிறது. ருசி இருக்கிறது, மணம் இருக்கிறது, தண்ணீர்தான் போய்விட்டது. படத்திலும் அப்படித்தான். நம் கண்ணுக்கு அதிகம் தெரியாத நுணுக்கங்களைத் தள்ளிவிட்டு, தெரிகிறதை மட்டும் வைத்துக்கொள்கிறது ஜே.பி.ஜி. முகத்தின் வெளிச்சம், நிழல் நமக்கு உடனே தெரியும். வண்ணத்தில் நூலிழை மாற்றம் அவ்வளவாகத் தெரியாது. அந்த பலவீனத்தைத் தெரிந்துகொண்டு 1992-ல் இந்த முறையை உலகத்துக்கே பொதுவாக வகுத்தார்கள். ஜே.பி.இ.ஜி. என்று நாலெழுத்தில் வந்தாலும் இதுவேதான்; பழைய கம்ப்யூட்டர்களில் வாலுக்கு மூன்று எழுத்துதான் இடம் இருந்தது, அதனால் ஒரு எழுத்தைக் குறைத்தார்கள். வேறே ஏதோ என்று பயப்பட வேண்டாம்.

ஆனால் ஒன்று. பால்கோவாவில் தண்ணீரை ஊற்றினால் மறுபடி பால் ஆகிவிடுமா? ஆகாது! இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு சங்கதி சொல்கிறேன்.

பி.என்.ஜி. அப்படியல்ல. அது பட்டுப்புடவையை மடித்து பீரோவில் வைக்கிற மாதிரி. மடித்தால் சின்னதாக இருக்கிறது, விரித்தால் ஒரு இழைகூடக் குறையாமல் முழுப் புடவை. அதற்கு முன்னால் 1987-லிருந்து ஜி.ஐ.எஃப். என்று ஒன்று இருந்தது (இன்றைக்கும் காலை வணக்கம் சொல்லி ரோஜாப்பூ ஆடுகிறதே, அதேதான்). அதில் 256 வண்ணத்துக்கு மேல் கிடையாது. போதாக்குறைக்கு அதன் சுருக்கும் வித்தைக்குக் காப்புரிமைப் பணம் கேட்டுத் தகராறு வேறு கிளம்பிற்று. அதற்கு மாற்றாக 1996-ல் வந்தது பி.என்.ஜி. எழுத்து, கோலம், கடைச் சின்னம் இவற்றுக்கு அருமையானது. மனுஷர் முகத்துக்குப் போட்டால் ஃபைல் பெருத்துவிடும்.

2010-ல் கூகிள்காரர்கள் வெப்பி என்று இன்னொன்று கொண்டு வந்தார்கள். இணையத்தில் பார்த்த ரவிக்கை டிசைனை இறக்கி வைத்துக்கொண்டு பிரிண்ட் போடப் போனால், "இது திறக்கலையேம்மா" என்பார் கடைக்காரர். பெரும்பாலும் வால் வெப்பியாக இருக்கும்.

இப்போது நம் தலைவலிக்கு வருகிறேன். அதன் பெயர் எச்.இ.ஐ.சி. 2017-ல் ஐபோன்காரர்கள் தங்கள் போனில் இதைப் புகுத்தினார்கள். ஜே.பி.ஜி. எடுத்துக்கொள்கிற இடத்தில் ஏறக்குறையப் பாதியில் அதே தெளிவைக் காட்டும். நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான், ஆனால் மனு வாங்குகிற இணையப் பக்கங்கள் பலவும் ஜே.பி.ஜி.யைத் தவிர வேறு எதையும் வீட்டுக்குள் விடமாட்டேன் என்கின்றனவே!

இது நம் ஊர்ச் சங்கடம் மட்டுமல்ல. 2020 மே மாதம், கொரோனாவுக்காக அமெரிக்காவில் பள்ளிக்கூடங்களை எல்லாம் மூடியிருந்த நேரம். அங்கே 'காலேஜ் போர்டு' என்ற அமைப்பு, கல்லூரிப் பாடத்துக்குச் சமமான ஏ.பி. தேர்வுகளை வீட்டிலிருந்தே எழுத வைத்தது. பிள்ளைகள் விடையைக் கையால் எழுதி, போட்டோ எடுத்து ஏற்றினால் போதும் என்றார்கள். ஐபோனில் எடுத்தவர்களின் படங்கள் எச்.இ.ஐ.சி.யாக இருக்கவே, பக்கம் ஏற்றுக்கொள்ளாமல் நின்றது. கண்ணெதிரே நேரம் முடிந்துவிட்டது. பிறகு பெற்றோர்கள் கூக்குரல் போட, இரண்டாவது வாரத்திலிருந்து ஏற முடியாதவர்கள் ஈமெயிலில் அனுப்பலாம் என்று வழி செய்தார்கள். முதல் வாரத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளோ ஜூன் மாதம் மறுபடியும் எழுத வேண்டியதாயிற்று. வருஷம் முழுக்கப் படித்த படிப்பு, ஒரு வாலில் மாட்டிக்கொண்டு தொங்கியது பாருங்கள்!

எங்கள் தெருவிலும் ஒரு பெண். பி.காம். முடித்தவள். அப்பா மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு தேர்வுக்கு மனுப் போட அன்று கடைசி நாள். ராத்திரி பத்தரை மணிக்குக் கதவைத் தட்டுகிறாள்.

"என்னம்மா, இந்நேரத்துல?"

"பன்னெண்டு மணியோட முடியுதுக்கா. போட்டோவ எடுத்துக்கவே மாட்டேங்குது. தம்பி ஐபோன்ல எடுத்தது. அவன் பேரையும் மாத்திப் பாத்துட்டான்."

பேரை மாற்றுவதாவது! அந்தப் பையன் செய்தது என்னவென்றால், எச்.இ.ஐ.சி. என்ற வாலை வெட்டிவிட்டு ஜே.பி.ஜி. என்று எழுதியிருக்கிறான். உப்பு டப்பா மேல் 'சர்க்கரை' என்று சீட்டு ஒட்டினால் காப்பி இனிக்குமா சொல்லுங்கள்? கம்ப்யூட்டர் வெறும் சீட்டை மட்டும் பார்ப்பதில்லை. மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்க்கும். ஒவ்வொரு ஃபைலின் ஆரம்பத்திலும் 'நான் இன்னார்' என்று ஒரு முத்திரை பதிந்திருக்கிறது. பி.என்.ஜி. ஃபைல் என்றால் தொடக்கத்திலேயே அந்த மூன்று எழுத்துகளும் உள்ளே எழுதியிருக்கும். வாலை மாற்றினாலும் முத்திரை மாறாது. பேரை மாற்றுவது வேறு, ஃபார்மட்டை மாற்றுவது வேறு.

அன்றைக்கு இருந்த அவசரத்தில் சுருக்கு வழி ஒன்றைப் பிடித்தோம். அந்தப் படத்தைத் தம்பியின் போனிலிருந்து வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக அவள் நம்பருக்கு அனுப்பச் சொன்னேன். வாட்ஸ்அப் அனுப்புகிறபோதே ஜே.பி.ஜி. ஆக்கிவிடுகிறது, சுருக்கியும் விடுகிறது. வேறு சமயத்தில் இதே குணத்தை நான் திட்டுவேன். அன்றைக்கு அதுவே கை கொடுத்தது. அவள் அக்கா பள்ளிக்கூடத்தில் படித்தபோது அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி ஒன்று வீட்டில் இருந்தது. அதில் வாட்ஸ்அப் வெப் வழியாகப் படத்தை இறக்கினோம். ஆனாலும் ஏறவில்லை! இப்போது சிவப்பு எழுத்து வேறு மாதிரி: அளவு அதிகமாம்.

அளவைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் தடுமாறுகிற இடம் இதுதான். வங்கி வேலைத் தேர்வுகளை நடத்துகிற ஐ.பி.பி.எஸ். அறிவிப்புகளை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோ 200-க்கு 230 புள்ளி, 20-லிருந்து 50 கே.பி.க்குள். கையெழுத்து 140-க்கு 60 புள்ளி, 10-லிருந்து 20 கே.பி. இடது பெருவிரல் ரேகை 240-க்கு 240. கையாலேயே எழுதிய உறுதிமொழி 800-க்கு 400, அது மட்டும் 50-லிருந்து 100 கே.பி. வரை. தேர்வுக்குத் தேர்வு இது மாறும். அந்தந்த வருஷத்து அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கையெழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் போட்டால் செல்லாது என்றும் அதில் எழுதியிருப்பார்கள். அதைப் படிக்காமலே 'கேப்பிடல் லெட்டர்' போட்டுவிட்டு அழுத பெண்களை நான் அறிவேன்.

200-ஐ 230-ஆல் பெருக்கினால் 46,000 புள்ளி. நம் போன் எடுப்பதோ 1 கோடியே 20 லட்சம். ஏறக்குறைய 260-ல் ஒரு பங்கு! அதாவது கல்யாணச் சமையலைக் குழந்தைக்கு ஊட்டும் கிண்ணத்தில் போடச் சொல்கிறார்கள். புள்ளிகளைக் குறைக்காமல் கே.பி.யை மட்டும் குறைக்கப் பார்த்தால் முகமெல்லாம் கட்டம் கட்டமாக அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிடும். ஆகையால் முதலில் வெட்டு, அடுத்தது புள்ளிக் குறைப்பு, அதற்கு அப்புறம்தான் ஜே.பி.ஜி.யாகச் சேமிப்பு. இந்த வரிசை ரொம்ப முக்கியம். தாளித்துவிட்டு எண்ணெய் ஊற்றுகிற கதையாகிவிடக் கூடாது.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் 'பெயிண்ட்' என்று ஒன்று தானாகவே இருக்கும். குழந்தைகள் கிறுக்குவதற்கென்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அது பெரிய சமாச்சாரம்! அதில் படத்தைத் திறந்து, 'கிராப்' செய்து தலையிலிருந்து தோள்வரை மட்டும் நிறுத்தினோம். சுற்றிலும் இருந்த காலண்டர், கொடியில் காய்ந்த துண்டு எல்லாம் போயே போச்சு. வெட்டும்போதே அகலத்தைவிட உயரம் கொஞ்சம் கூடுதலாக, பாஸ்போர்ட் படத்தின் வடிவத்துக்கு வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் பிறகு அளவு மாற்றும்போது முகம் பூசணிக்காயாகவோ புடலங்காயாகவோ இழுத்துக்கொள்ளும். அப்புறம் 'ரீசைஸ்' என்பதைத் தொட்டு 'பிக்சல்' என்ற இடத்தில் 200, 230 என்று கொடுத்தோம். 'சேவ் ஆஸ்' போய் 'ஜேபெக் பிக்சர்' என்று சேமித்தோம். சேமிக்கும்போது வேறு பெயர் கொடுத்தாக வேண்டும். பழைய பெயரிலேயே சேமித்தால் பெரிய படம் போயிற்று, திரும்பி வராது.

கையெழுத்தோ இன்னும் வேடிக்கை. முழு வெள்ளைத்தாளின் நடுவில் எறும்பு மாதிரி ஒரு கையெழுத்து. அதைத் தாளோடு, மேஜையோடு, மேஜை மேல் இருந்த காப்பி டம்ளரோடு படம் எடுத்திருக்கிறாள். கருப்பு மையில் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லி, நிழல் விழாமல் எடுத்து, கையெழுத்தை ஒட்டி வெட்டினோம். அது 8 கே.பி. ஆகிவிட்டது. குறைந்தால் நல்லதுதானே என்று நினைக்காதீர்கள். பத்துக்கு மேல் என்றால் பத்துக்கு மேல்தான், எட்டையும் தள்ளிவிடுவார்கள். கொஞ்சம் புள்ளியைக் கூட்டி மறுபடி சேமித்ததும் 12 வந்தது. பதினொன்று நாற்பதுக்கு மனு போய்ச் சேர்ந்தது. அவள் அம்மா வாசலிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், பாவம். "இந்த வருஷம் விட்டா வயசு தாண்டிரும்னு இருந்தேன் மதினி" என்றாள். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

விண்டோஸ் 11 உள்ள கம்ப்யூட்டரில் 'போட்டோஸ்' என்பதிலேயே அளவு மாற்றும் வசதி இருக்கிறது. தரத்தைக் கூட்டிக் குறைத்தால் ஃபைல் எவ்வளவு வரும் என்று உடனே காட்டும். ஐபோன் வைத்திருக்கிறவர்கள் 'செட்டிங்ஸ்' போய், 'கேமரா', அதற்குள் 'ஃபார்மட்ஸ்', அதில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று ஒருமுறை தொட்டுவிட்டால் அதற்குப் பிறகு எடுப்பதெல்லாம் ஜே.பி.ஜி.தான். ஏற்கெனவே எடுத்தவை மாறாது. சில ஆண்ட்ராய்டு போன்களிலும் இந்த எச்.இ.ஐ.சி.யை யாராவது தெரியாமல் போட்டு வைத்திருப்பார்கள், கேமரா அமைப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இவ்வளவு எதுக்கு? கூகிள்ல போட்டா ஆயிரம் சைட் வருதே, படத்தைக் குடுத்தா மாத்திக் குடுத்துரும்" என்று என் கொழுந்தன் மகன் சொன்னான். வாஸ்தவம்தான். காசு வாங்குவதில்லை, நிமிஷத்தில் வேலை முடிகிறது. ஆனால் அது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டாமா?

பெரும்பாலான இடங்களில் உங்கள் படம் எங்கேயோ இருக்கிற அவர்கள் கம்ப்யூட்டருக்குப் போகிறது. அங்கே மாறுகிறது. மாறியதை நீங்கள் இறக்கிக்கொள்கிறீர்கள். நீங்கள் கொடுத்த அசல் அங்கேதான் இருக்கும். சில மணி நேரத்தில் அழித்துவிடுவோம் என்று எழுதியிருப்பார்கள். நாணயமானவர்கள் அழிக்கவும் செய்வார்கள். அழித்தார்களா என்று போய்ப் பார்க்க நமக்கு வழியில்லை. மாவு அரைக்கிற மில்லில் நம் அரிசியை நம் கண்ணெதிரே கொட்டி அரைத்து வாங்குவதுபோல் இல்லை இது.

2025 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. போலீசின் டென்வர் அலுவலகம் இதைப் பற்றியே ஒரு எச்சரிக்கை விட்டது. இலவசமாக ஃபைலை மாற்றித் தருவதாகச் சொல்லும் சில பக்கங்கள், சொன்னபடியே மாற்றியும் கொடுத்துவிட்டு, அதோடு சேர்த்துக் கம்ப்யூட்டரைக் கெடுக்கும் விஷத்தையும் அனுப்புகின்றனவாம். நாம் ஏற்றுகிற ஃபைலில் உள்ள அடையாள எண், வங்கி விவரம், கடவுச்சொல் முதலியவற்றைத் துருவி எடுத்துக்கொள்வதும் உண்டாம். வேலை சரியாக நடந்துவிடுவதால் நமக்குச் சந்தேகமே வராது.

அதனால் நான் ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறேன். கோலம், பூ, மலைக்காட்சி, ஆடிப்பூரத் தேர், இவற்றை எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும். யாருக்கு என்ன நஷ்டம்? ஆதார், பான் அட்டை, பாஸ்புக் முதல் பக்கம், மதிப்பெண் பட்டியல், கையெழுத்து, வயசுப்பெண்ணின் முகம், குழந்தை படம், இவை எதுவும் முன்பின் தெரியாத பக்கத்துக்குப் போகக் கூடாது. கண்டிப்பாகச் சொல்கிறேன். இவற்றை நம் போனிலோ நம் கம்ப்யூட்டரிலோதான் மாற்ற வேண்டும்.

வெளியே அனுப்பாமலே மாற்றிக் கொடுக்கிற பக்கங்களும் உண்டு. 2018-ல் கூகிள் குரோம்காரர்கள் வெளியிட்ட 'ஸ்குவூஷ்' அந்த ரகம். பக்கம் திறந்த பிறகு வேலையெல்லாம் உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே நடக்கிறது. படம் வாசல்படி தாண்டுவதில்லை. ஒரு பக்கம் எந்த ரகம் என்று கண்டுபிடிக்க என் நாத்தனார் மகள் ஒரு சூட்சுமம் சொன்னாள். ஏதாவது ஒரு பூப் படத்தை வைத்துக்கொண்டு, பக்கம் முழுசாகத் திறந்ததும் நெட்டை நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகு படத்தைக் கொடுத்து மாறுகிறதா என்று பாருங்கள். நெட் இல்லாமலே மாறினால், வேலை உள்ளேயே நடக்கிறது என்று அர்த்தம். மாறாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் படம் வெளியே போகத் துடிக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்தப் பக்கங்களில் இன்னொரு தொல்லை, பச்சை நிறத்தில் பெரிசாக மின்னும் 'டவுன்லோட்' பொத்தான். அது பல சமயம் விளம்பரம்! நாம் கேட்டது ஜே.பி.ஜி. படம், கைக்கு வந்தது ஏ.பி.கே. என்றோ இ.எக்ஸ்.இ. என்றோ முடிந்தால் தொடாமல் அழித்துவிடுங்கள். படத்தை மாற்றுவதற்கு செல்போன் நம்பரையோ ஓ.டி.பி.யையோ கேட்டால் உடனே மூடிவிடுங்கள். மீறிப் பணம் ஏதும் பறிபோனால் 1930 என்ற எண்ணுக்குத் தாமதிக்காமல் பேச வேண்டும். எண்ணை அடுப்படிக் காலண்டரில் எழுதி வைத்திருக்கிறேன், நீங்களும் எழுதி வையுங்கள்.

கடையில் போய்ச் செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரவுசிங் சென்டரில் நம் படமும் ஆதாரும் மேஜைத் திரையிலேயே கிடக்கும். அடுத்தாற்போல் உட்காருகிறவன் யாரோ! வேலை முடிந்ததும் அழிக்கச் சொல்லி, குப்பைத்தொட்டிப் படத்தையும் காலி செய்யச் சொல்லி, பார்த்துவிட்டு எழுந்திருங்கள். "வாட்ஸ்அப்ல அனுப்பிருங்கம்மா" என்று கேட்டு வாங்கினால் அது கடைப் போனிலும் தங்கிவிடும்; அங்கேயும் அழிக்கச் சொல்லலாம், கூச்சப்பட வேண்டியதில்லை. ஆதாரைக் கேட்கிற இடத்தில் முழு எண் தேவையில்லை என்றால், முதல் எட்டு இலக்கத்தை மறைத்துக் கடைசி நாலு மட்டும் தெரிகிற ஆதாரையே ஆதார் பக்கத்திலிருந்து இறக்கிக் கொடுக்கலாம்.

முன்னே ஒரு சங்கதி சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அம்மா வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு பாட்டி காலமானார். படம் எடுத்துக்கொள்ளவே விடமாட்டாராம். பேத்தி கல்யாணத்தில் சிரித்தபடி ஒரே ஒரு படம். எடுத்த பையன் அதை வாட்ஸ்அப்பில் குடும்பத்துக்கு அனுப்பிவிட்டு, போனில் இடம் இல்லை என்று அசலை அழித்திருக்கிறான். குடும்பத்தில் ஒருவருக்கொருவர் அனுப்பி, ஒருவர் வெட்டி, ஒருவர் பூ பார்டர் போட்டு, ஒருவர் ஸ்டேட்டஸிலிருந்து திரையைப் படம் பிடித்து... கடைசியில் பதினாறாம் நாளைக்குப் பெரிதாக மாட்ட ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனபோது அந்தப் படத்தில் கண்ணே தெரியவில்லை. மூக்குத்தி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. ஒவ்வொரு தடவை ஜே.பி.ஜி.யாகச் சேமிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சம் தண்ணீர் வற்றிக்கொண்டே போகிறது என்று சொன்னேனில்லையா? வற்றியது வற்றியதுதான். "பி.என்.ஜி.யா மாத்திக் குடுத்தா தெளிவாயிருமா?" என்று மகன் கேட்கிறார். தெளிவாகாது. கசங்கிய புடவையை மடித்து வைத்தால் கசங்கிய புடவைதானே கிடைக்கும்! இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் தானாகவே கண்ணும் மூக்கும் வரைந்து தெளிவாக்கிக் கொடுக்கிறதாம். செய்து பார்த்தார்கள். படம் பளபளவென்றுதான் வந்தது. ஆனால் அது பாட்டி இல்லை, யாரோ ஒரு அம்மாள். மங்கலாக இருந்த பழைய படத்தையே சின்னதாகப் போட்டு மாட்டினார்கள்.

ஆகவே குடும்பப் படங்களை அனுப்பும்போது 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்புங்கள். சுருங்காமல் அப்படியே போகும். 2023-லிருந்து எச்.டி. என்று ஒரு பொத்தானும் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. அது சாதாரணத்தைவிடத் தேவலை, அசலுக்குச் சமமில்லை. அசல் ஒன்று போனிலும், இன்னொன்று பென்டிரைவிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கட்டும். வெட்டுவது, ஒட்டுவது, பூ வைப்பது எல்லாம் நகலில்தான்.

தொழில் செய்கிற பெண்களுக்கும் இது பயன்படும். நம் பக்கத்தில் தளவாய்புரம் நைட்டி வாங்கி விற்பவர்கள், வீட்டிலேயே பொடி இடித்து விற்பவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! மசாலாப்பொடி விற்கிற ஒரு தோழி, பாக்கெட்டுக்கு லேபிள் அடிக்கக் கொடுத்தாள். சின்னத்தைச் சுற்றிலும் ஒன்றும் இல்லாமல் வெறுமையாக இருக்க வேண்டும்; மஞ்சள் தாளில் அடித்தால் மஞ்சள் தெரிய வேண்டும். வந்ததோ சுற்றிலும் கருப்புக் கட்டம்! யாரோ நடுவில் பி.என்.ஜி.யை ஜே.பி.ஜி.யாக மாற்றியிருக்கிறார்கள். ஜே.பி.ஜி.க்கு 'வெறுமை' என்றால் என்னவென்றே தெரியாது. அந்த இடத்தில் வெள்ளையையோ கருப்பையோ இட்டு நிரப்பிவிடும். டிசைன் போட்டுக் கொடுத்தவரிடம் பி.என்.ஜி.யைக் கேட்டு வாங்கி நேரே அச்சகத்துக்குக் கொடுத்ததும் சரியாயிற்று. அடித்த ஐந்நூறு லேபிள் வீண்.

அச்சுக்கு எவ்வளவு புள்ளி வேண்டும் என்றும் அவள் கேட்டாள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது வழக்கம். நாலுக்கு ஆறு அங்குலம் போட்டோ வேண்டுமானால் 1,200-க்கு 1,800 புள்ளி. மனுவுக்குச் சுருக்கிய 200-க்கு 230 படத்தைக் கொண்டுபோனால் முக்கால் அங்குலத்துக்கு மேல் தெளிவாக வராது, தபால்தலைதான் அடிக்கலாம்.